நாற்கொம்பு மானும் கொம்பிலைத் தக்காக்கியாவும்: வகைப்பாடும் காப்புநிலையும்

நாற்கொம்பு மான் என்பது இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் இயற்கையாக வாழும் சிறிய மறிமான் ஆகும். இதன் விலங்கியல் பெயர் டெட்ராசெரஸ் குவாட்ரிகார்னிஸ். தக்காக்கியா செராட்டோபில்லா என்பது இமயமலை, தென்மேற்குச் சீனா, வட பசிபிக்கில் உள்ள அலூசியன் தீவுகள் ஆகிய இடங்களில் சிதறிக் காணப்படும் மிகச் சிறிய பாசித் தாவரம் ஆகும். இப்பாசிக்குத் தமிழில் வழக்குப் பெயர் இல்லாமையால், அதன் அறிவியல் பெயரின் பொருளைத் தழுவி இக்கட்டுரையில் கொம்பிலைத் தக்காக்கியா எனக் குறிக்கப்படுகிறது.

இவ்விரண்டும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனம் என்னும் ஒரே நிலையில் வைக்கப்பட்டவை. இரண்டும் நெருங்கிய உறவினங்கள் மிகக் குறைந்த, தனித்த கால்வழிகளைச் சேர்ந்தவை. எனினும் அந்நிலை எவ்வாறு கணிக்கப்பட்டது, அதனால் எத்தகைய பாதுகாப்பு கிடைக்கிறது என்பவற்றில் இரண்டிற்கும் இடையே பெரும் வேறுபாடு உள்ளது.

பெயர்க்காரணம்

இரு உயிரினங்களின் பெயரிலும் கொம்பைக் குறிக்கும் கெராஸ் என்னும் கிரேக்கச் சொல் உள்ளது. டெட்ராசெரஸ் என்பதற்கு நான்கு கொம்புடையது என்பது பொருள். குவாட்ரிகார்னிஸ் என்பதும் இலத்தீனில் அதே பொருளைத் தருவது. ஆகவே இவ்விலங்கின் முழுப்பெயர் நாற்கொம்பன் நாற்கொம்பன் என இரு மொழிகளில் ஒன்றையே இருமுறை கூறுகிறது. இந்தியில் வழங்கும் சௌசிங்கா என்ற பெயரும் இதே பொருளுடையதே.

செராட்டோபில்லா என்பதற்குக் கொம்பு போன்ற இலையுடையது என்பது பொருள். இத்தாவரத்தின் ஒவ்வோர் இலையும் தட்டையாக இல்லாமல், விரல் போன்ற உருண்ட இழைகளாகப் பிரிந்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. தக்காக்கியா என்னும் பேரினப் பெயர் ஜப்பானியப் பாசியியலாளர் நொரிவோ தக்காக்கி அவர்களைச் சிறப்பிப்பது. கொம்புத் தாவரங்கள் எனப்படும் வேறொரு தாவரப் பிரிவு உண்டு; அப்பிரிவுடன் கொம்பிலைத் தக்காக்கியாவைக் குழப்பிக் கொள்ளலாகாது.

மறிமான், பாசி ஆகிய சொற்கள்

மறிமான், பாசி ஆகிய இரண்டுமே வகைப்பாட்டியல் அடிப்படையில் துல்லியமான சொற்கள் அல்ல. தமிழில் மான் என்னும் சொல் மான் குடும்பத்தைச் சேர்ந்த புள்ளிமான், கடமான் ஆகியவற்றையும், மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த வெளிமான் போன்றவற்றையும் ஒருங்கே குறிக்கிறது. கேளையாடு ஆடு எனப் பெயர் பெற்றிருந்தும் மான் குடும்பத்தைச் சேர்ந்தது. நாற்கொம்பு மானோ மான் எனப் பெயர் பெற்றிருந்தும் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டில் தொலைவிலிருந்து பார்ப்போர் கேளையாட்டையும் நாற்கொம்பு மானையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கூறுவது உண்டு.

மான் குடும்பத்து ஆண்களின் கொம்புகள் பொதுவாகக் கிளைத்தவை. ஆண்டுதோறும் விழுந்து முளைப்பவை. மாட்டுக் குடும்பத்தில் கொம்பு என்பது எலும்பு முளையும் அதன்மேல் அமைந்த உறையுமாகும். அது கிளைப்பதில்லை, விழுவதும் இல்லை. இக்குடும்பத்தில் மாடு, எருமை, ஆடு ஆகியன நீங்கலாக எஞ்சியவற்றுக்குப் பொதுவாக வழங்கும் பெயரே மறிமான். எனவே அது ஒரு பொது மூதாதையிலிருந்து வந்த எல்லா இனங்களையும் உள்ளடக்கிய குழு அன்று.

பாசி என்ற சொல்லின் நிலை இதனினும் சிக்கலானது. குளத்தில் படரும் நீர்ப்பாசி, கடற்பாசி, சுவரில் மழைக்காலத்தில் படரும் பச்சைப் பாசி ஆகிய அனைத்தையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. இவற்றுள் நீர்ப்பாசிகளும் கடற்பாசிகளும் அல்கா எனப்படுபவை; தண்டு, இலை என வேறுபட்ட நிலத்தாவர உடலமைப்பு அவற்றுக்கு இல்லை. இக்கட்டுரையில் பாசி என்பது பிரையோபைட்டா பிரிவைச் சேர்ந்த, தண்டு இலை போன்ற உறுப்புகளைக் கொண்ட, பூவும் விதையும் இல்லாத சிறு நிலத்தாவரங்களையே குறிக்கும்.

நாற்கொம்பு மானின் வகைப்பாடு

இவ்வினத்தை 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளென்வில் அறிவியல் முறைப்படி விவரித்தார். டெட்ராசெரஸ் என்னும் பேரினத்தை 1825ஆம் ஆண்டில் ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் நிறுவினார். இப்பேரினத்தில் இன்று வாழும் இனம் இது ஒன்றே.

இதன் வகைப்பாட்டு வரிசை பின்வருமாறு அமையும்: விலங்குத் திணை, முதுகுநாணித் தொகுதி, பாலூட்டி வகுப்பு, இரட்டைப்படைக் குளம்பிகள் வரிசை, மாட்டுக் குடும்பம், மாட்டுத் துணைக்குடும்பம், போசெலாஃபினி குலம். இக்குலத்தில் எஞ்சியுள்ள மற்றோர் இனம் நீல்காய் மட்டுமே. மாட்டுத் துணைக்குடும்பத்தில் மாடு, எருமை, காட்டெருது, ஆப்பிரிக்காவின் கூடு மறிமான் முதலியவை அடங்கும். வெளிமானும் சிங்காராவும் வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது, உருவத்தில் வெளிமானை ஒத்ததுபோல் தோன்றும் இச்சிறு விலங்கு, உறவு முறையில் எருமைக்கே நெருக்கமானது.

முதிர்ந்த விலங்கின் தோளுயரம் ஏறத்தாழ 55 முதல் 64 செ.மீ வரையும், எடை 17 முதல் 22 கிலோகிராம் வரையும் இருக்கும். கொம்புகள் ஆணுக்கு மட்டுமே உண்டு. காதுகளுக்கு இடையே அமைந்த பின் இணை நீளமானது. பிறந்த சில மாதங்களில் தோன்றும். நெற்றியில் அமைந்த முன் இணை குட்டையானது; பொதுவாக 10 முதல் 14 மாத அளவில் தோன்றும். நிலையான நான்கு கொம்புகளையுடைய காட்டுப் பாலூட்டி இனம் உலகில் இது ஒன்றே. வளர்ப்புச் செம்மறியாட்டு வகைகள் சிலவற்றில் நான்கு கொம்புகள் காணப்படினும் அவை மனிதர் தேர்ந்து வளர்த்தவை.

மூன்று துணையினங்கள் ஏற்கப்பட்டுள்ளன. அவற்றுள் கீர்க் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் வாழும் துணையினத்தின் ஆண்களில் முன்கொம்புகள் மிகச் சிறுத்தோ, முற்றிலும் இல்லாமலோ இருப்பதுண்டு. நாற்கொம்பு மான் என்ற பெயரைக் கொண்டு தென்னிந்தியக் காட்டில் இதனைத் தேடுவோர் இருகொம்பு விலங்கைக் கண்டு ஏமாறக்கூடும்.

கொம்பிலைத் தக்காக்கியாவின் வகைப்பாடு

நாற்கொம்பு மான் எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் பெரிய ஐயம் எழுந்ததில்லை. தக்காக்கியாவோ நூறாண்டுகளுக்கும் மேலாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலேயப் பாசியியலாளர் வில்லியம் மிட்டன் 1861ஆம் ஆண்டில் இமயமலைத் தாவரங்களை விவரித்தபோது, இதனை ஈரல் தாவரங்களுள் ஒன்றாகக் கருதி லெபிடோசியா என்னும் பேரினத்தில் சேர்த்தார். ஈரல் தாவரங்கள் பாசிகளைப் போன்றே பூவாத சிறு நிலத்தாவரங்கள். ஆயினும் தனிப் பிரிவைச் சேர்ந்தவை. இதன்பின் நெடுங்காலம் இத்தாவரம் எவர் கவனத்தையும் ஈர்க்கவில்லை.

1950களில் ஜப்பானின் வட ஆல்ப்சு மலையில் தக்காக்கி ஒரு விந்தையான சிறு தாவரத்தைச் சேகரித்தார். அது அல்காவா, பாசியா, ஈரல் தாவரமா என்பதே விளங்கவில்லை. ஜப்பானியர் அதற்கு நஞ்ஜாமொஞ்ஜா-கொக்கே எனப் பெயரிட்டனர். கொக்கே என்பது பாசி. நஞ்ஜாமொஞ்ஜா என்பது இன்னதென்று அறியப்படாத ஒன்றைக் குறிக்கும் வழக்குச் சொல். 1958ஆம் ஆண்டில் ஹட்டோரி, இனோவே ஆகியோர் அதனைத் தக்காக்கியா லெபிடோசியாய்டெஸ் எனப் பெயரிட்டு ஈரல் தாவரங்களில் சேர்த்தனர். மிட்டன் விவரித்த இமயமலைத் தாவரமும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே என்பதை உணர்ந்த செருமானிய அறிஞர் குரோலே, 1963ஆம் ஆண்டில் அதனைத் தக்காக்கியா செராட்டோபில்லா என மாற்றினார். பேரினத்தில் இவ்விரு இனங்களே உள்ளன.

பாசித் தாவரங்களின் வாழ்க்கையில் இரு தலைமுறைகள் மாறி மாறி வரும். பாலுறுப்புகளைத் தாங்கும் பச்சைத் தலைமுறை கேமீட்டோபைட் எனவும், அதன்மேல் வளர்ந்து வித்துகளைத் தோற்றுவிக்கும் தலைமுறை ஸ்போரோபைட் எனவும் வழங்கும். ஒரு தாவரம் பாசியா ஈரல் தாவரமா என்பதை உறுதிசெய்வதற்கு ஸ்போரோபைட்டின் அமைப்பு மிக இன்றியமையாதது. தக்காக்கியாவில் அதனை எவரும் கண்டிலர். பெண் உறுப்புகள் மட்டுமே அறியப்பட்டிருந்தன. ஆண் தாவரமே காணப்படவில்லை. வேரிகள் இல்லாமை, விரல் போன்ற இலைகள், தண்டில் பிசின் சுரக்கும் மயிர்கள் ஆகிய இயல்புகள் குழப்பத்தை மிகுவித்தன.

அலூசியன் தீவுகளில் சேகரிக்கப்பட்ட கொம்பிலைத் தக்காக்கியாவில் ஆண் உறுப்புகளும் ஸ்போரோபைட்டுகளும் இருப்பதை 1993ஆம் ஆண்டில் ஸ்மித், டேவிசன் ஆகியோர் அறிவித்தனர். ஈரல் தாவரங்களில் வித்துறை முதிர்ந்த பின்னரே அதன் காம்பு விரைந்து நீளும், பின்னர் வாடிவிடும். தக்காக்கியாவிலோ பாசிகளில் உள்ளவாறு காம்பு முன்னரே நீண்டு, உறுதியாக நிலைத்து நிற்கிறது. வித்துறையின் நடுவே பாசிகளுக்குரிய நடுத்தண்டும் உள்ளது. வித்துறை முறுக்கிய வடிவில் அமைந்து ஒரே சுருள் பிளவால் திறக்கிறது. இவ்வாறு திறப்பது வேறெந்தப் பாசிக்கும் பொதுவான இயல்பு அன்று. இச்சான்றுகளால் தக்காக்கியா பாசிகளின் பிரிவுக்கு மாற்றப்பட்டது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் இதனை உறுதிசெய்தன.

இன்றைய வகைப்பாட்டில் இது தாவரத் திணை, பிரையோபைட்டா பிரிவு, தக்காக்கியாப்சிடா வகுப்பு, தக்காக்கியேல்ஸ் வரிசை, தக்காக்கியேசி குடும்பம் ஆகியவற்றைச் சேர்ந்தது. அதாவது ஒரு முழு வகுப்பும் இரண்டே இனங்களைக் கொண்டது. ஒப்பிட்டு நோக்கின், நாற்கொம்பு மான் இடம்பெறும் பாலூட்டி வகுப்பில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. வகுப்பு என்னும் சொல் இரு இடங்களிலும் ஒன்றாயினும் அது குறிக்கும் பரப்பு ஒன்றன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நிறப்புரிகளின் எண்ணிக்கையிலும் தக்காக்கியா தனித்தது. அதன் கேமீட்டோபைட்டில் ஓரினத்துக்கு நான்கும் மற்றதற்கு ஐந்தும் நிறப்புரிகளே உள்ளன. இவை நிலத்தாவரங்களில் அறியப்பட்ட மிகக் குறைந்த எண்ணிக்கைகளுள் அடங்கும்.

பெயரிடும் விதிகளில் வேறுபாடு

விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பெயரிடும் விதித்தொகுப்புகள் தனித்தனியானவை. விலங்கியல் பெயரில், இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து மாற்றப்பட்டிருந்தால், முதல் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் பிறைக்கோட்டுக்குள் எழுதப்படும். மாற்றியவர் பெயர் எழுதப்படுவதில்லை. நாற்கொம்பு மானின் பெயருக்குப் பின் (பிளென்வில், 1816) என வருவது இதனாலேயே. தாவரவியலில் முதல் ஆசிரியர் பிறைக்கோட்டுக்குள்ளும் மாற்றியவர் அதற்கு வெளியேயும் எழுதப்படுவர். எனவே கொம்பிலைத் தக்காக்கியாவின் பெயருக்குப் பின் (மிட்டன்) குரோலே என வருகிறது.

விலங்குப் பெயர்கள் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்து தொடங்குகின்றன. ஈரல் தாவரங்களின் பெயர்களுக்கு 1753ஆம் ஆண்டும், ஸ்பாக்னம் குடும்பம் நீங்கலான பாசிகளின் பெயர்களுக்கு ஹெட்விக்கின் நூலைக் கொண்டு 1801ஆம் ஆண்டும் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. தக்காக்கியா ஈரல் தாவரங்களிலிருந்து பாசிகளுக்கு மாறியபோது இதனால் சிக்கல் எழவில்லை. ஏனெனில் அதன் பெயர்கள் யாவும் 1801க்குப் பிற்பட்டவை.

வாழிடமும் பரவலும்

நாற்கொம்பு மான் வறண்ட இலையுதிர் காடுகளிலும் மேடுபள்ளமான புதர்க்காடுகளிலும் வாழ்வது. கூட்டமாகத் திரிவதில்லை. நாள்தோறும் நீர் அருந்த வேண்டியிருப்பதால் நீர்நிலைகளை விட்டு வெகுதொலைவு செல்வதில்லை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சாணமிடும் வழக்கமுடையது. ஆய்வாளர்கள் இச்சாணக் குவியல்களைக் கொண்டே பெரும்பாலும் இதன் இருப்பை அறிகின்றனர். குஜராத்தின் கீர், மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பெஞ்ச், பன்னா, கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரகொளே, தமிழ்நாட்டின் முதுமலை ஆகிய காப்புக்காடுகளில் இது காணப்படுகிறது. நேபாளத்தில் தெற்கிலுள்ள தெராய்த் தாழ்நிலப் பகுதியில் சிறு எண்ணிக்கையில் உள்ளது.

கொம்பிலைத் தக்காக்கியா சிக்கிம், நேபாளம், சீனாவின் தென்மேற்கு மலைகள், அலூசியன் தீவுகள் ஆகியவற்றில் அறியப்பட்டுள்ளது. இவற்றின் இடைப்பட்ட தொலைவு பல்லாயிரம் கிலோமீட்டர். குளிர்ந்த, ஈரமான பாறைப் பிளவுகளிலும் மலைச்சரிவுகளிலும் ஓரிரு செ.மீ உயரத்துக்கு மேற்படாத அடர்ந்த மெத்தையாக வளர்கிறது. வேறு பாசிகளுடன் கலந்து வளர்வதால் உருப்பெருக்கியின்றி இனங்காண்பது அரிது. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இவ்விரு உயிரினங்களும் பொதுவானவையே. ஆனால் ஒன்று தாழ்நிலக் காட்டையும் மற்றொன்று பனிமலையையும் சார்ந்திருப்பதால் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

காப்புநிலை

செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனம் என்பது அச்சுறுத்தலுக்குள்ளான மூன்று நிலைகளுள் முதலாவது. இதற்கு மேற்பட்டவை அருகிய இனம், மிக அருகிய இனம் ஆகியன. எண்ணிக்கைக் குறைவின் வேகம், பரவல் பரப்பின் சுருக்கம், முதிர்ந்த தனியன்களின் எண்ணிக்கை முதலிய அளவுகோல்களில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே ஓரினம் இந்நிலையில் சேர்க்கப்படும். அளவுகோல்கள் விலங்குக்கும் தாவரத்துக்கும் பொதுவானவை.

நாற்கொம்பு மானின் மொத்த எண்ணிக்கை 10,000ஐ ஒட்டியதாகவோ அதற்குக் குறைவாகவோ கருதப்படுகிறது. முதிர்ந்த தனியன்கள் 10,000க்குக் குறைந்து, தொடர்ந்தும் குறைந்துவருவது அழிவாய்ப்பு நிலைக்கான அளவுகோல்களுள் ஒன்றாகும். ஐயுசிஎன் அமைப்பின் மறிமான் வல்லுநர் குழு இவ்வினத்தை மதிப்பிட்டு வருகிறது. கொம்பிலைத் தக்காக்கியா 2000ஆம் ஆண்டின் உலகப் பாசித் தாவரச் செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக இடம்பெற்றது. உலகில் ஏறத்தாழ 12,000 பாசியினங்கள் உள்ளன. அவற்றுள் உலக அளவில் மதிப்பிடப்பட்டவை மிகச் சிலவே. பாலூட்டிகளோ பெரும்பாலும் அனைத்தும் மதிப்பிடப்பட்டுவிட்டன. எனவே செம்பட்டியலில் ஒரு பாசியின் பெயர் காணப்படாமை அது நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. ஐரோப்பாவில் பாசிகள், ஈரல் தாவரங்கள், கொம்புத் தாவரங்கள் ஆகிய 1,800க்கும் மேற்பட்ட இனங்கள் முழுமையாக மதிப்பிடப்பட்டு 2019ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியானபோது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அச்சுறுத்தலுக்குள்ளானவை எனத் தெரிந்தது.

தனியன்களை எண்ணும் சிக்கல்

ஒரு மான் என்பது எது என்பதில் ஐயமில்லை. தானியங்கிப் படக்கருவியாலோ சாணக் குவியல்களாலோ எண்ணிக்கையை ஓரளவு மதிப்பிடலாம். பாசி மெத்தை ஒன்றில் ஆயிரக்கணக்கான தண்டுகள் இருக்கலாம். அவை யாவும் ஒரே தாவரத்திலிருந்து ஒடிந்து வளர்ந்தவையாகவும் இருக்கலாம். இதனால் பாசியியலாளர்கள், நிலத்தில் வளரும் பாசிகளுக்கு அவை வளரும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு தனியனுக்கு ஈடாகக் கொள்ளும் நடைமுறையை முன்வைத்தனர். இது வசதிக்கான உடன்பாடேயன்றி உயிரியல் உண்மை அன்று.

தலைமுறைக் காலத்திலும் இதே சிக்கல் உண்டு. எண்ணிக்கைக் குறைவு பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் எது நீண்டதோ அக்காலத்தில் கணக்கிடப்படுகிறது. நாற்கொம்பு மான் ஏறத்தாழ எட்டு மாதம் சினையாயிருந்து ஒன்று அல்லது இரண்டு கன்றுகளை ஈனும் என்பதால் தலைமுறையைக் கணக்கிட இயலும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வளர்வதே அரிதாகி, பெரும்பாலும் உடலப் பெருக்கத்தால் நிலைத்திருக்கும் தக்காக்கியாவுக்குத் தலைமுறை என்பதை எவ்வாறு வரையறுப்பது என்பது எளிதில் விடை காணமுடியாத வினா.

சட்டப் பாதுகாப்பு

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நாற்கொம்பு மான் இடம்பெற்றுள்ளது. இதனை வேட்டையாடுவது மிகக் கடுமையான தண்டனைக்குரியது. நேபாளச் சட்டத்திலும் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் நேபாளம் இதனைச் சேர்த்துள்ளது.

அதே இந்தியச் சட்டத்தில் தாவரங்களுக்கென 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறாம் அட்டவணை உருவாக்கப்பட்டது. அதில் பெட்டோம் சைகசு, நீல வாண்டா, குடுவைத் தாவரம் உள்ளிட்ட ஆறு பெயர்களே இருந்தன. பாசி ஏதும் இல்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றியமைத்தது. சைட்டிஸ் பட்டியல்களிலும் பாசி இடம்பெறவில்லை. அவ்வுடன்படிக்கை வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. தக்காக்கியாவை எவரும் விற்பதில்லை. ஆகவே, அதனைப் பட்டியலில் சேர்த்தாலும் பெரும்பயன் விளையாது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

அச்சுறுத்தல்கள்

வறண்ட இலையுதிர் காடுகள் விளைநிலமாக மாறுதல், கால்நடை மேய்ச்சல், உண்ணிச்செடி போன்ற அயல் தாவரங்களின் பரவல், வேட்டை ஆகியன நாற்கொம்பு மானுக்குத் தீங்காக உள்ளன. நான்கு கொம்புடைய மண்டையோடு அலங்காரப் பொருளாகத் தேடப்பட்டமை இதன் பெயருக்குக் காரணமான உறுப்பே இதற்குப் பகையானதைக் காட்டுகிறது. இவை பெரும்பாலும் உள்ளூரில் தடுக்கக்கூடியவை. காட்டைக் காத்து, நீர்நிலையைப் பேணி, வேட்டையைத் தடுத்தால் இவ்வினம் நிலைத்திருக்க வாய்ப்புண்டு.

தக்காக்கியாவின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டில் செல் ஆய்விதழில் வெளியான, சீன, செருமானிய அறிவியலாளர்களின் ஆய்வு தக்காக்கியா லெபிடோசியாய்டெஸ் இனத்தின் மரபணுத்தொகுதியை வெளியிட்டது. இக்கால்வழி ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகள் பழமையானது என அது கணித்தது. ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திபெத்திய மேட்டுநிலத்தில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குச் சென்று அதன் பரப்பை அளந்தனர். பரப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 விழுக்காடு குறைந்துவந்தது. அதே இடத்திலுள்ள பொதுவான பாசிகளில் இக்குறைவு இத்துணை விரைவாக இல்லை. இம்மேட்டுநிலம் உயரத் தொடங்கிய காலத்திலிருந்து கடுங்குளிருக்கும் புறஊதாக் கதிருக்கும் ஈடுகொடுத்துப் பழகிய மரபணுக்கள் அதற்கு உண்டு. எனினும் வெப்பநிலை உயர்வின் வேகம் அதன் தகவமைப்பை விஞ்சுகிறது. இந்நூற்றாண்டின் இறுதியில் உலகில் அதற்கு ஏற்ற வாழிடம் 1,000 முதல் 1,500 சதுர கி.மீ அளவே எஞ்சும் என ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவீடு கொம்பிலைத் தக்காக்கியாவைப் பற்றியதன்று. ஆயினும் இரு இனங்களும் ஒத்த குளிர்வாழிடங்களைச் சார்ந்தவை.

இத்தகைய தீங்கை வேலியிட்டோ காவலர் நிறுத்தியோ தடுக்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வேறு குளிரிடங்களில் நடுவது ஒரு வழியாகக் கருதப்படுகிறது. அவ்வாறு வளர்த்த தக்காக்கியாவைத் திபெத்தில் நட்டுப் பார்க்கும் முயற்சியும் நடந்துள்ளது.